முதுகைத் திருப்பிக் கேட்ட ஆட்டம்

சாத்தூர் ரோட்டில் மாரீஸ்வரி நடத்துகிற டென்னிஸ் மைதானத்துக்குப் போன மாதம் ஒரு மெஷின் வந்தது. பந்து எறிகிற மெஷின்கள் முன்பே உண்டு. இது வேறு ரகம். நாளைக்கு யாரோடு ஆட வேண்டுமோ அந்த ஆளின் சர்வீஸை இதில் ஏற்றிவிடலாமாம். அதே வேகம், அதே சுழல், பந்து அதே இடத்தில் வந்து விழும். பிள்ளைகள் சுற்றி நின்று வேடிக்கை பார்த்தார்கள். நானும் நின்றேன். நான் வருடக்கணக்கில் சம்பளம் வாங்கிக்கொண்டு செய்த வேலையை அது டீகூடக் குடிக்காமல் செய்தது.

ஒரு பிள்ளை என் பக்கம் திரும்பி, “அண்ணே, நீங்க இதத்தான செஞ்சீக?” என்று கேட்டாள்.

“ஆமா. எனக்கு பிளக் மட்டும் கெடையாது.”

எல்லாரும் சிரித்தார்கள். சிரிப்பு அடங்கியதும் அதே பிள்ளை கேட்டாள்: “அப்ப மாரீஸ்வரி அக்கா ஏண்ணே திடீர்னு ஆடுறத நிறுத்துனாக? எல்லாரும் கடைசி மேட்ச்னு ஒண்ணு ஆடி, கைய ஆட்டி, அழுதுட்டுப் போவாக. அக்கா ஆடவே இல்லையே?”

இந்தக் கேள்வி சிவகாசியில் புதிது இல்லை. டீக்கடைக்கு ஒரு பதில் இருக்கிறது. கல்யாணப் பேச்சு என்பார்கள், அப்பாவோடு சண்டை என்பார்கள், கோச்சோடு தகராறு என்பார்கள். நான் மழுப்பிவிட்டு, “அக்காகிட்டயே கேளுங்க” என்றேன். போய்க் கேட்டுவிட்டார்கள். அவள் சொன்னாளாம்: “கடைசி மேட்ச் ஆடாம இருப்பேனா? ஆடுனேன். காளியண்ணனுக்குத் தெரியும். அவுகள எழுதச் சொல்லுங்க.”

அதனால் எழுதுகிறேன். காளியண்ணன் நான்தான். முழுப் பெயர் காளிராஜ். வயது நாற்பத்தெட்டு. ரிட்டயர் ஆகிற வயதா என்று கேட்காதீர்கள். நான் ரிட்டயர் ஆகவில்லை. என்னை வேலைக்கு வைத்திருந்தவள் ரிட்டயர் ஆனாள், நான் கூடவே இறங்கிக்கொண்டேன்.

இன்னொன்று. உலகத் தரவரிசையில் முதல் இருபது பேருக்குள் பல வருடம் இருந்த ஒரு வீராங்கனையை ‘அவள்’ என்று எழுதுகிறானே என்று யாரும் கோபப்பட வேண்டாம். முதலில் ‘அவர்’ என்று எழுதித்தான் அவளிடம் காட்டினேன். “யாரோ செத்துப்போனவுகளப் பத்தி எழுதுன மாதிரி இருக்குண்ணே” என்றாள். மாற்றிவிட்டேன். நேரில் நான் கூப்பிடுவது ‘பாப்பா’. முதலாளி வீட்டுப் பிள்ளை ஒன்பது வயதிலும் பாப்பாதான், முப்பத்தைந்து வயதிலும் பாப்பாதான்.

அவளுடைய அப்பாதான் எங்கள் முதலாளி. எம். புதுப்பட்டிக்குப் பக்கத்தில் பட்டாசுக் கம்பெனி, சிவகாசிக்குள் ஒரு அச்சகம். நான் கம்பெனியில் லாரிக்கு லோடு ஏற்றுகிறவன். சாயங்காலமானால் கம்பெனி டீமில் பூப்பந்து ஆடுவேன், இடது கையால். அச்சகத்துக்குப் பின்னால் முதலாளி மகளுக்கென்று ஒரு டென்னிஸ் தரை போட்டார். எதிரே நின்று ஆடத்தான் ஊரில் ஆள் இல்லை. பிள்ளை சுவரோடு ஆடிக்கொண்டிருந்தது. ஒருநாள், “ஏலே காளி, நீ பந்து வெளாடுறவன்தான? பாப்பாவுக்கு எதுக்க நில்லு” என்றார். ஒரு சாயங்காலத்துக்குத்தான் என்று நினைத்துப் போய் நின்றேன். கால் நூற்றாண்டு நின்றுவிட்டேன்.

முதலாளி சாம்பிள் பார்க்கிற விதத்தைச் சொன்னால்தான் மற்றது புரியும். எல்லாக் கம்பெனியிலும் சரக்கு வெளியே போகும் முன் ஒன்றிரண்டை வெடித்துப் பார்ப்பார்கள். எங்கள் முதலாளி பார்க்க மாட்டார், கேட்பார். எந்தப் பெட்டியைப் பிரிப்பது என்று அவரும் சொல்ல மாட்டார், மேஸ்திரியும் சொல்லக் கூடாது. பேக்கிங்கில் இருக்கிற ஏதாவது ஒரு அக்காவைக் கூப்பிட்டு, “நீ எடும்மா” என்பார். அந்த அக்காவின் கை போன பெட்டியிலிருந்து மூன்று அணுகுண்டு வெடி. மருந்து அடைக்கிற ஷெட்டுகளை விட்டு வெகுதூரம் தள்ளிப் பொட்டலில் கொண்டுபோய் வைப்பார்கள். முதலாளி செருப்பைக் கழற்றுவார். கையைப் பின்னால் கட்டிக்கொள்வார். காலைக் கொஞ்சம் அகட்டி, பொட்டலுக்கு முதுகைக் காட்டி நிற்பார். மூன்றும் வெடித்த பிறகு வைத்தவர் உரக்க, “முடிஞ்சது மொதலாளி, திரும்பலாம்” என்று சொல்ல வேண்டும். சொல்லும்வரை திரும்ப மாட்டார்.

சரியாக இருந்தால் ஒரே வார்த்தை: “ஏத்து.” சரியில்லை என்றாலும் ஒரே வார்த்தை: “நிக்கட்டும்.” நிக்கட்டும் என்றால் அந்த லாட் சரக்கு மொத்தமும் நின்றதுதான். தீபாவளி நெருங்கி, லாரி வாசலில் கிடந்து, ஆர்டர் கொடுத்தவர் போனில் கத்தினாலும் போகாது.

ஒருமுறை மேஸ்திரிக்குப் பொறுக்கவில்லை. “மூணும் வெடிச்சிருச்சே மொதலாளி” என்றார்.

“வெடிச்சுது. ரெண்டாவது யோசிச்சுட்டு வெடிச்சுது.”

திரி பற்றி வெடிக்கிற நேரத்தில் ஒரு சின்னத் தயக்கம். எங்கள் யார் காதிலும் விழவில்லை, அவர் காதில் விழுந்தது. ஏன் முதுகைக் காட்டுகிறீர்கள் என்று அப்போதுதான் கேட்டேன். “நம்ம சரக்காச்சேலே. பாத்தா, நல்லாருக்கணும்னு ஆசப்பட்டு நல்லாருக்கிற மாதிரியே தெரியும். காதுக்கு அந்த ஆச கெடையாது” என்றார். புஸ்வாணத்துக்குக்கூட முதுகைத்தான் காட்டுவார், அதன் இரைச்சலைக் கேட்க. நாங்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்போம். முதுகைக் காட்டி நிற்கிற முதலாளியிடம் அது ஒரு வசதி.

அந்த வசதி எனக்கே வினையாக வந்தது. ஆயுத பூஜை அன்று செருப்பைக் கழற்றி, கையைக் கட்டி, காலை அகட்டி, முதலாளி மாதிரி நின்று காட்டினேன். ஒரு அக்கா சுண்டலைக் கொண்டுவந்து பின்னால் நிற்க, திரும்பாமலே கையை நீட்டி வாங்கி ஒன்றைக் கடித்துவிட்டு, “நிக்கட்டும்” என்றேன். கூட்டம் உருண்டது. உருண்ட கூட்டம் சட்டென்று அடங்கியது. ஏன் அடங்கியது என்று எனக்குத் தெரியவில்லை, நான்தான் முதுகைக் காட்டி நிற்கிறேனே. திரும்பினால் முதலாளி.

வேலை போயிற்று என்று நினைத்தேன். அவர் என் காலையே பார்த்துக்கொண்டிருந்தார். “நான் எம்புட்டு அகலம் வச்சு நிப்பேன்னுகூடப் பாத்து வச்சிருக்கானே” என்றார். மறுநாள் கையில் பஸ் டிக்கெட். “கோயமுத்தூருக்குப் போ. அடுத்த வாரம் பாப்பாவோட ஒரு பிள்ள ஆடப்போகுது. அது எப்படி ஆடுதுன்னு பாத்துட்டு வந்து, அது மாதிரியே நீ ஆடு.” போனேன், பார்த்தேன், வந்து ஆடினேன். பாப்பா ஜெயித்தாள். என் தொழில் அன்றைக்குத்தான் பிறந்தது. நாளைய எதிராளியாக இன்றைக்கே இருப்பது.

நடுவில் நடந்த பாடெல்லாம் உங்களுக்கு எதற்கு. வலது கைக்காரிகள் அதிகம் என்பதால் வலது கையும் பழகினேன். அதுவரை அந்தக் கைக்குத் தெரிந்த ஒரே வேலை சோறு சாப்பிடுவது. சென்னையில் இரண்டு வருடம் பயிற்சி. அப்புறம் பாஸ்போர்ட், குளிர், உப்பில்லாத உருளைக்கிழங்கு. அவள் பதினெட்டில் வெளிநாடு போனாள். சில வருடத்தில் உலகம் அவள் பெயரைச் சொல்லப் பழகியது, சரியாக இல்லை. மைக்கில் அவர்கள் அதை உடைத்து உடைத்துச் சொல்வதைக் கேட்டால், இருக்கன்குடி மாரியம்மனே வந்து நின்றாலும் தன் பெயர் என்று கண்டுபிடிக்க மாட்டாள்.

வெளியூர்க் கோச்சாக மார்த்தா வந்தார். செக் நாட்டுக்காரர். அடித்து ஊன்றின கம்பு மாதிரி நிற்பார். அவருக்கு இங்கிலீஷ் கொஞ்சம், எனக்கும் கொஞ்சம், அதனால் எங்களுக்குள் சண்டையே வந்ததில்லை. மேட்சுக்கு முந்தின சாயங்காலம், எதிராளி ஆடிய வீடியோவைக் கொண்டுவந்து என் முன்னால் வைப்பார். நான் சத்தத்தை முழுக்க வைத்துவிட்டுக் கண்ணை மூடிக்கொள்வேன். முதல் தடவை பார்த்தபோது, இந்த ஆள் சம்பளம் வாங்கிக்கொண்டு தூங்குகிறான் என்று பாப்பாவிடம் புகார் போயிற்று.

நான் தூங்கவில்லை. முதலாளி மாதிரி கேட்டுக்கொண்டிருந்தேன். ஷூ தரையில் ஊன்றுகிற சத்தம் ஒன்று, பந்து மட்டையில் படுகிற சத்தம் ஒன்று. இரண்டுக்கும் நடுவே ஒரு இடைவெளி. ஆளுக்கு ஆள் அது மாறும். அது பிடிபட்டால் ஆள் பிடிபட்ட மாதிரி. அதற்குப் பிறகுதான் கண்ணைத் திறந்து கை, தோள், இடுப்பு எல்லாம் பார்ப்பேன். கடைசியாகச் சின்னப் பழக்கங்கள்: சர்வீஸ் போடும் முன் யார் பந்தை எப்படித் தட்டுகிறார்கள், யார் மூக்கைத் தொடுகிறார்கள், யார் பாயிண்ட் போனதும் மட்டையைத் திட்டுகிறார்கள்.

மறுநாள் காலை நான் அந்தப் பெண். பாப்பா என்னை அண்ணே என்று கூப்பிட மாட்டாள். நானும் சிரிக்க வைக்க மாட்டேன். எனக்குத் தெரிந்த வேகத்தை எல்லாம் அடக்கிக்கொண்டு, அந்தப் பெண் எவ்வளவு அடிப்பாளோ அவ்வளவுதான் அடிக்க வேண்டும். ஆம்பளை என்று காட்டிக்கொள்ள ஆசைப்பட்டு ஓங்கி அடித்தால் மார்த்தா ஒரு விரலைத் தூக்குவார், அவ்வளவுதான், அன்றைக்கு முழுக்க எனக்கு அவமானம்.

ஸ்கோர் வைக்க மாட்டோம். முடிந்ததும் கைகொடுக்க மாட்டோம். அது பாப்பா சின்ன வயதில் போட்ட சட்டம். கைகொடுத்தால் ஆட்டம் முடிந்துபோகுமாம், காளியண்ணனோடு ஆடுகிற ஆட்டம் முடியக் கூடாதாம்.

ஊருக்கு வந்தால் புதுப்பட்டி டீக்கடையில், என்னோடு முன்பு லோடு ஏற்றிய மாமா ஒருவர் காத்திருப்பார். “ஏலே காளி, பொம்பளப் பிள்ளைககிட்டத் தோத்துட்டு வர்றதுக்கா ஒனக்கு பிளேன் டிக்கெட்டு?”

“தோக்குறதுன்னா சும்மாவா மாமா? அந்தந்தப் பிள்ள எப்படித் தோக்குமோ அப்படித் தோக்கணும்ல.”

“அப்ப எங்கூட வா. சீட்டாட்டத்துல தெனமும் விதவிதமாத் தோக்க ஆளு தேடுதோம்.”

பெரிய போட்டி ஒன்றில் கால் இறுதி. எதிரே அந்த வருடம் யாராலும் அசைக்க முடியாமல் இருந்த ஒரு உயரமான பெண். அவளுக்கு ஒரு பழக்கம். நெருக்கடியான சர்வீஸுக்கு முன் பந்தைத் தட்டிக்கொண்டே உதட்டை ஒரு பக்கமாக இழுப்பாள். இழுத்தால் பந்து வெளிப்பக்கம் போகும். காலையில் நானும் உதட்டை இழுத்து இழுத்து ஆடியிருந்தேன். எனக்கு மீசை வேறு. மத்தியானம் மேட்சில் முக்கியமான பாயிண்டில் அந்தப் பெண் உதட்டை இழுத்ததும், பாப்பா அத்தனை ஆயிரம் பேருக்கு நடுவில் சிரித்துவிட்டாள். சிரித்துக்கொண்டே வெளிப்பக்கம் நகர்ந்து அந்தப் பந்தைத் திருப்பி அடித்தாள். ஜெயித்தாள். அந்த நெருக்கடியில் எப்படிச் சிரித்தீர்கள் என்று பத்திரிகைக்காரர்கள் கேட்டதற்கு, “அவள் முகத்தில் காளியண்ணன் மீசை தெரிந்தது” என்று சொல்ல முடியுமா? கடவுள் நம்பிக்கை என்றாள். எழுதிக்கொண்டார்கள்.

முதலாளி ஒரு மேட்சுக்கும் வந்ததில்லை. வீட்டில் டிவியைப் போட்டுவிட்டு, நாற்காலியை எதிர்ப்பக்கம் திருப்பி, டிவிக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருப்பாராம். மகளும் அவருக்கு நம்ம சரக்குதான்.

இனிமேல்தான் கஷ்டமான பகுதி. இதில் நான் ஜோக் அடித்தால் அது பயத்தில் அடித்தது என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

பாப்பாவுக்கு வலது இடுப்பில் ஆபரேஷன் ஆயிற்று. ஆறு மாதம் ஓய்வெடுத்துத் திரும்பி வந்தாள். டாக்டர்கள் படம் எடுத்துப் பார்த்து, எல்லாம் சரி என்றார்கள். வலியும் இல்லை. ஆனால் முதல் சுற்றில் ஜெயிப்பாள், அடுத்த சுற்றில் தோற்பாள். அவளுக்குப் பேர் வாங்கிக் கொடுத்ததே பேக்ஹேண்ட். இடது பக்கம் வருகிற பந்தை வலது காலை முன்னால் ஊன்றி இரண்டு கையாலும் அடிக்கிற அடி. முன்பெல்லாம் அந்தப் பக்கம் பந்தைப் போடவே பயப்படுவார்கள். இப்போது நேற்று வந்த பிள்ளைகள்கூட அந்தப் பக்கமே போட்டார்கள். தோற்று வந்தால் எங்கள் ஆட்கள் ஆளுக்கு ஒன்று சொல்வார்கள். மட்டையில் நரம்பை இன்னும் இறுக்கிக் கட்டணும் என்பார் ஒருவர். எடை கொஞ்சம் குறையணும் என்பார் இன்னொருவர். ஆட்டம் சரியில்லை என்று மட்டும் யாரும் சொல்லவில்லை.

அந்த வருடச் சீசன் முடிந்து ஊருக்கு வந்தோம். தீபாவளி கழிந்து கம்பெனிகள் எல்லாம் பூட்டிக் கிடந்தன. ஏழாயிரம்பண்ணைப் பக்கம் ஆள் ஏற்றப் போகிற வேன்கள் ரோட்டில் இல்லை. எங்கேயும் ஒரு சாம்பிள் சத்தம் இல்லை. வருடத்தில் அந்த ஒரு மாதம் மட்டும் சிவகாசியில் காது சும்மா இருக்கும். மார்த்தாவும் எங்களோடு வந்திருந்தார். ஜனவரியில் அடுத்த சீசன். வருகிறாளா இல்லையா என்று வெள்ளிக்கிழமைக்குள் பாப்பா சொல்லியாக வேண்டும்.

புதன்கிழமை சாயங்காலம் அச்சகத்து வாசலில் டீ குடித்துக்கொண்டிருந்தேன். பாப்பா வந்து பக்கத்தில் நின்றாள்.

“அண்ணே, நாளைக்குக் காலைல ஒரு ஆளா ஆடணும்.”

“சீசன்தான் முடிஞ்சிருச்சே பாப்பா. யாரா ஆடணும்?”

“நானா.”

“ஒங்கள மாதிரின்னா முடி வளக்கணுமே. எனக்கு இருக்கிறதே நாலு.”

அவள் சிரிக்கவில்லை. “எல்லாரும் அந்தப் பக்கமே அடிக்காளுக. அங்கன என்னமோ இருக்கு. அவளுகளுக்குத் தெரியுது, எனக்குத் தெரியல. வீடியோல பாத்தா நல்லாத்தான் தெரியுது.”

“மார்த்தாகிட்டக் கேக்கலாமே?”

“கேட்டேன். அவுகளுக்கு எம்மேல பிரியம். ஒங்களுக்கும்தான். சும்மா பேசுனா நீங்களும் பொய்தான் சொல்லுவீக. ஆனா நடிச்சா ஒங்களுக்குப் பொய் வராதுண்ணே.”

டீ ஆறிப்போயிருந்தது. அவள் சொன்னது சரி. எனக்கு அந்தப் பிள்ளையின் ஆட்டம் ஒன்பது வயதிலிருந்து உடம்பில் இருக்கிறது. எந்த மாரீஸ்வரி வேண்டும் என்றாலும் எடுத்துக் கொடுக்கலாம். இந்த வருடத்து மாரீஸ்வரியும் உள்ளே இருந்தாள். அவளை நான் வெளியே எடுத்ததே இல்லை.

காலையில் அச்சகத்துக்குப் பின்னால் போனால், முதலாளி பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். வயது எழுபதுக்கு மேல். அந்தத் தரைப்பக்கம் வந்து பல வருடம் ஆகியிருந்தது. யார் சொன்னது என்று நான் கேட்கவில்லை. மார்த்தா பந்துக் கூடையோடு வலைக்கு அந்தப் பக்கம் நின்றார்.

நான் முதலில் எல்லாருக்கும் பிடித்த மாரீஸ்வரியை எடுத்தேன். சர்வீஸுக்கு முன் நெற்றி முடியை ஒதுக்குவது, பாயிண்ட் ஜெயித்தால் பந்து பொறுக்குகிறவர்களுக்குக் கும்பிடு போடுவது, தோற்றால் மேலே பார்த்து யாரையோ கேள்வி கேட்பது. மார்த்தா வாய்விட்டுச் சிரித்தார். பாப்பாவும் கொஞ்சம் சிரித்தாள். அப்புறம் சொன்னாள்:

“இது பளய சரக்குண்ணே. நான் இந்த வருசத்து லாட்டத்தான கேட்டேன்.”

சொல்லிவிட்டுச் சுவர்ப் பக்கம் நடந்தாள். ஷூவைக் கழற்றினாள். கையைப் பின்னால் கட்டினாள். எனக்கு முதுகைக் காட்டி நின்றாள்.

முதலாளியைப் பார்த்தேன். அவர் நாற்காலியிலிருந்து மெதுவாக எழுந்தார். செருப்பைக் கழற்றி வைத்தார். போய் மகளுக்குப் பக்கத்தில், அவரும் முதுகைக் காட்டி நின்றார். இரண்டு பேரும் காலை ஒரே அகலத்துக்கு அகட்டியிருந்தார்கள்.

“என்ன செய்கிறார்கள்?” என்று மார்த்தா கேட்டார்.

“சாம்பிள்” என்றேன். அவருக்குப் புரிந்திருக்காது. ஆனால் சிரிப்பை நிறுத்திவிட்டார்.

மார்த்தா பந்தை ஒவ்வொன்றாக என் இடது பக்கம் போட்டார். முதலில் ஆபரேஷனுக்கு முந்தின மாரீஸ்வரியை ஆடினேன், அவர்கள் காது பழக வேண்டும் என்று. ஷூ ஊன்றும், ஒரு மூச்சு விடுகிற இடம் இருக்கும், பிறகு பந்து வெடிக்கும். அந்த இடத்தில்தான் அவள் எங்கே அடிக்கலாம் என்று எதிராளிக்குத் தெரியாமல் முடிவு செய்வாள். பந்துக்குப் பந்து அப்படியே. சுவர்ப் பக்கம் அசைவே இல்லை.

பிறகு இந்த வருடத்து லாட்.

வலது கால் முன்னால் போகும். போய், கடைசியில் ஒரு நொடி தரையைக் கேட்கும்: ஊன்றலாமா? வலி இல்லை. வலித்துவிடுமோ என்று கால் கேட்கிறது. கேட்டு முடித்து ஊன்றுவதற்குள் பந்து வந்துவிடும். ஷூ சத்தமும் பந்துச் சத்தமும் ஒன்றாக விழும், நடுவில் இருந்த அந்த இடம் இருக்காது. இடம் இல்லாததால் பந்து எங்கே போகும் என்று எதிராளிக்கு முன்பே தெரிந்துவிடும். அந்தச் சின்னப் பிள்ளைகளுக்குத் தெரிந்தது அதுதான்.

நாலைந்து பந்து அப்படி ஆடினேன். முதலாளியின் பின்கழுத்தைப் பார்த்தேன், பாப்பாவின் பின்கழுத்தைப் பார்த்தேன். அடுத்த பந்துக்குக் காலைக் கொஞ்சம் முன்கூட்டியே ஊன்றிவிட்டேன். மனசு கேட்கவில்லை.

“அண்ணே” என்றாள், திரும்பாமலே. “அது நான் இல்ல.”

மறுபடி ஆடினேன். இந்த முறை ஒன்றையும் மாற்றவில்லை. சோர்ந்துபோன மூன்றாவது செட்டில் அவள் எப்படி ஆடுவாளோ அதையும் ஆடினேன். அதில் பந்துதான் முதலில், ஷூ பிறகு. மார்த்தா கூடையைக் கீழே வைத்துவிட்டார்.

முடிந்தது என்று நான்தான் சொல்ல வேண்டும். கம்பெனியில் எத்தனையோ தடவை கத்திச் சொன்ன வார்த்தை. தொண்டையைக் கனைத்துக்கொண்டு சொன்னேன். “முடிஞ்சது பாப்பா. திரும்பலாம்.”

திரும்பவில்லை. சுவரைப் பார்த்தபடியே, “யோசிக்குது” என்றாள். “கால் யோசிச்சுட்டு வைக்குது.”

பிறகு பக்கத்தில் நின்ற அப்பாவிடம் கேட்டாள்:

“ஒங்களுக்கு எப்பப்பா கேட்டுச்சு?”

“செம்மண் தரையில ஆடுனியே, அப்ப. டிவில.”

“மே மாசமே கேட்டுச்சா? ஒரு வார்த்த சொல்லலியேப்பா.”

“லோடு ஒன்னோடது தாயி” என்றார் முதலாளி. “நான் சொல்லி நிக்கக் கூடாது.”

அச்சகத்துக்குள் ஒரு மெஷின் மட்டும் காலண்டர் அடித்துக்கொண்டிருந்தது.

“நிக்கட்டும்” என்றாள்.

மார்த்தாவுக்கு யாரும் மொழிபெயர்க்கவில்லை. அவர் குனிந்து தரையில் கிடந்த பந்துகளை ஒவ்வொன்றாகப் பொறுக்க ஆரம்பித்தார். அவர் பந்து பொறுக்கி நான் பார்த்ததே இல்லை. எனக்கு ஒரு ஜோக்கும் வரவில்லை. மட்டையில் இல்லாத நரம்பையெல்லாம் சரி செய்துகொண்டிருந்தேன்.

பாப்பா திரும்பி வந்து தரையில் உட்கார்ந்து ஷூவை மாட்டினாள். கயிற்றை இழுத்துக் கட்டிக்கொண்டே நிமிராமல் சொன்னாள்: “அண்ணே, இப்ப அந்தப் பளய மாரீஸ்வரியா ஒரு செட் ஆடுங்க. ஸ்கோர் வச்சு.”

“ஸ்கோரா? நம்ம ஸ்கோர் வச்சதே இல்லையே பாப்பா.”

“இன்னைக்கு வைப்போம். அவகூட எல்லாரும் ஆடிட்டாளுக. நான் மட்டும்தான ஆடல.”

முதலாளி இதைக் கேட்டார், ஆனால் திரும்பவில்லை. அதே இடத்தில், அதே மாதிரி நின்றார். நாற்காலியை எடுத்துக்கொண்டு போனேன். கையை அசைத்து வேண்டாம் என்றார்.

நாற்பத்தேழு வயது, தொப்பை, ஒரு முட்டியில் கட்டு. இந்த உடம்பில் உலகத்தின் மிக நல்ல பேக்ஹேண்டுகளில் ஒன்றை ஒரு செட் முழுக்கத் தாங்க வேண்டும். அதற்குப் பிறகு நான்கு நாள் படி ஏறவில்லை. அது கிடக்கட்டும். அன்றைக்கு எனக்குள் இருந்து அவள் வந்தாள். நெற்றி முடி, கும்பிடு என்று வேடிக்கை ஒன்றும் செய்யவில்லை. ஊன்றி, இடம் விட்டு, அடித்தேன். பாப்பா விட்டுக்கொடுக்கவில்லை. பல்லைக் கடித்து ஓடினாள். பழைய மாரீஸ்வரிக்குப் பிடிக்காத பந்து எதுவென்று அவளைவிட யாருக்குத் தெரியும்? உயரமாக, மெதுவாக, உடம்புக்கு நேராகப் போட்டுப் போட்டு என்னை மூச்சுத் திணற வைத்தாள். நாலுக்கு நாலு வந்தது. மார்த்தா நடுவர் மாதிரி ஸ்கோரை உரக்கச் சொன்னார். குரல் உடைந்தது, ஆனாலும் விடாமல் சொன்னார்.

கடைசிப் பந்து என் இடது பக்கம் வந்தது. வலது காலை ஊன்றினேன். அந்த இடம் இருந்தது. பந்து குறுக்கே வரும் என்று அவள் நகர்ந்தாள். பந்து கோட்டை ஒட்டி நேராகப் போயிற்று. அவள் ஓடக்கூட இல்லை. நின்று பார்த்தாள்.

ஆறுக்கு நாலு. பழைய மாரீஸ்வரி ஜெயித்தாள்.

நான் பழக்கத்தில் பந்து பொறுக்கத் திரும்பினேன். “அண்ணே” என்று கூப்பிட்டாள். வலைக்குப் பக்கத்தில் வந்து கையை நீட்டிக்கொண்டு நின்றாள். வேர்வையைச் சட்டையில் துடைத்துவிட்டுப் போய்க் கைகொடுத்தேன். கையை விடாமல் கேட்டாள்:

“நல்லாத்தான் ஆடியிருக்கேன், இல்லண்ணே?”

முட்டியைப் பற்றி ஒரு ஜோக் தயாராக வைத்திருந்தேன். அது எங்கே போயிற்றோ. “ஆமா பாப்பா” என்றேன்.

சுவர்ப் பக்கமிருந்து முதலாளியின் குரல் வந்தது. “ஏலே காளி, ஏன்லே சத்தம் நின்னுபோச்சு?”

பதில் சொல்ல வேண்டியது என் வேலை. வாயைத் திறந்தேன். பாப்பா என் கையை ஒரு அழுத்து அழுத்தி விட்டுவிட்டு, அப்பா இருந்த பக்கம் பார்த்தாள்.

“முடிஞ்சுதுப்பா” என்றாள். “திரும்பலாம்.”